ஒரு வாரம் முகத்தைத் தொடக் கூடாது

முதலில் அந்த நாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கோழியைத் தீயில் வாட்டும்போது வருமே, அதே நாற்றம் என் தாடையிலிருந்து வந்தது. மதுரையில் ஒரு தோல் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிப் படுக்கவைத்து, லேசரால் என் தாடியைச் சுட்டார்கள். ஆமாம், தாடிதான். அங்கிருந்த பெண் 'தேவையில்லாத முடி' என்று நாசூக்காகச் சொன்னாள். முந்தின நாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்காரருடைய ரேசரால் சவரம் செய்துகொண்டு போனவளிடம் நாசூக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது?

போடியில் நான் பள்ளிக்கூட டீச்சர். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பதில்லை, என் தாடையைத்தான் பார்ப்பார்கள். அது அப்பா வழியில் வந்த சொத்து. சிலமலையில் இருந்த அத்தைக்கும் உண்டு, அத்தை மகளுக்கும் உண்டு. அத்தை மகள் எனக்கு ஆறு மாதம் மூத்தவள். மதினி என்றுதான் கூப்பிடுவேன். வயதுக்கு வந்த புதிதில் இருவரும் அத்தை வீட்டுக் கொல்லையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி தாடையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, சின்ன இடுக்கியால் முடி பிடுங்கிவிடுவோம். கண்ணில் தண்ணீர் தளும்பும், சிரிப்பும் வரும். அவளைத் தவிர வேறு யாரையும் என் தாடையைத் தொட நான் விட்டதில்லை.

கல்யாணமாகி அவள் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்கிற வேலைக்குப் போய்விட்டாள். போன பிறகு பிடுங்குவதையும் விட்டுவிட்டாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்பாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு வெயில் ஆகாது, வியர்வை ஆகாது, சுடுதண்ணீர் ஆகாது, மஞ்சள் ஆகாது. தேய்க்கக் கூடாது, அடுத்தவர் கை படக் கூடாது. எரிந்தால் ஐஸைத் துணியில் சுற்றி ஒற்ற வேண்டும். கற்றாழை ஜெல் போட வேண்டும். அதைப் போட்டால் யாரோ முகத்தில் சளி சிந்திவிட்டுப் போனது போலிருந்தது. வெளியே போனால் வெயில் கிரீம் வேறு. என் கறுப்பு முகத்தில் அது அரைகுறையாகச் சுண்ணாம்படித்த சுவராக நின்றது. கிரீமுக்கு அடியில் செக்கச் சிவந்த தடிப்பு, ஒவ்வொரு தடிப்பிலும் மிளகுத்தூள் மாதிரி கருகிய முடி. பிடுங்காதீர்கள், இரண்டு வாரத்தில் தானாக உதிரும் என்று தாளில் போட்டிருந்தது. கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே குமட்டியது.

மூன்றாம் நாள் அத்தை செத்துப்போனாள்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயாக வேண்டும். முகத்தைச் சுற்றிச் சால்வை கட்டி, குடையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சால்வைக்குள்ளே வியர்வையும் கிரீமும் குழைந்து கழுத்து வரை வழிந்தது.

எங்கள் பக்கம் துக்க வீட்டுக்குள் ஒரு பெண் நுழைந்தால், உள்ளே இருப்பவர்கள் அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுவார்கள். எனக்கு அது எப்போதுமே பாதி அருவருப்புதான். வெற்றிலை எச்சில், மூக்குச்சளி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் நம்மேல் ஒட்டிக்கொண்டு வரும். அன்றைக்குத் தாள் என் பக்கம் இருந்தது. அலர்ஜி என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகத் தனியே உட்கார்ந்துகொண்டேன். டீச்சருக்குக் கௌரவம் கூடிப்போச்சு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சால்வையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மத்தியானம் மலையிலிருந்து ஜீப்பு வந்தது. மதினி இறங்கினாள். போன் வந்ததும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையெல்லாம் ஏலக்காய்க் கறை, சேலையெல்லாம் தோட்டத்தில் அடித்த மருந்து வாடை, முகத்தில் வழியெல்லாம் பட்ட புழுதி. பந்தலுக்குள் வந்தவள் சுற்றிலும் தேடினாள். அத்தனை பேரில் என்னைக் கண்டுபிடித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"எங்காத்தா போயிட்டாடி."

வியர்வையும் கண்ணீரும் சளியுமாக அந்த முகம் கிட்டே வந்தது. தாடையில் சுருண்டு சுருண்டு முடி. அது என் கன்னத்தை நோக்கி வந்தது.

"தொடாத மதினி," என்றேன். என் இரண்டு உள்ளங்கையும் அவள் தோளைப் பிடித்துத் தள்ளின.

பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் கைகள் விரித்தபடியே நின்றன. சால்வை நழுவியதில் என் தாடையைப் பார்த்தாள். படித்தவள் இல்லை, ஆனால் அந்தத் தாடையை அவளுக்கு நன்றாகத் தெரியும். புறங்கையால் தன் தாடையை மெதுவாகத் தடவிக்கொண்டாள். அதற்குள் வேறொருத்தி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

தாளில் போட்டிருந்தபடிதான் நடந்துகொண்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொய். தாள் நினைவுக்கே வரவில்லை. சளியும் புழுதியும்கூட இல்லை, அந்த முடிதான் என்னைத் தள்ளவைத்தது. பதினைந்து வயதில் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு நான் பிடுங்கிவிட்ட அதே முடி. சீ என்று வந்தது எனக்கு. இப்போது அந்தச் சீ என்மேல் வருகிறது.

கருகிய முடி தினமும் துண்டில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. பதினாறாம் நாள் கருமாதிக்குப் புறப்பட்டபோது தாடை வழுவழுவென்று இருந்தது. சால்வை கட்டவில்லை. அன்றைக்கு அழாததையும் சேர்த்து, அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிடுவது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பந்தியில் சாம்பார் வாளியோடு அவளே வந்தாள். என் இலைக்கு முன்னால் நின்றாள்.

"முகம் ஆறிருச்சா?"

"ஆறிருச்சு மதினி," என்று எழப் போனேன்.

"உக்காந்து சாப்பிடு," என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. கை என்மேல் பட்டுவிடாதபடி கரண்டியை உயரத் தூக்கி ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்குப் போனாள்.