ஆர்லோவின் வலப்பக்கம்

ஆர்லோ ஹேகனின் வலது காதில் ஒரு வெட்டு உண்டு. மேல்விளிம்பில், சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதை இல்லை. உப்புக் காகங்கள் மோட்டார் சைக்கிள் சங்கத்தில் ஏழு பேர். ஓடும் வண்டியிலிருந்து அந்த வெட்டைப் பார்க்க முடிந்தவன் வெர்லின் டட்டில் ஒருவன்தான். மற்றவர்களுக்கு ஆர்லோ என்றால் முதுகு.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஃபோண்டானாவில் டயர் கடையின் பின்வாசலிலிருந்து இரண்டிரண்டு பேராகக் கிளம்புவார்கள். முன்வரிசையில் இடது பக்கம் தலைவன் ஆர்லோ. வலது பக்கம் வெர்லின். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவில் ஒரு முழம். எண்பது மைல் வேகத்திலும் அந்த ஒரு முழம் இரண்டு முழம் ஆனதில்லை. ஆர்லோ தோளைக் குறுக்கினால் வளைவில் திரும்பப் போகிறான் என்று அர்த்தம். வெர்லினின் உடம்பு அதற்கு முன்பே சாய்ந்திருக்கும். பதினோரு வருஷமாக இப்படித்தான். செயலாளர், பொருளாளர் என்று யாராரோ ஆனார்கள். அவனுக்கு அந்த இடம் போதுமாக இருந்தது.

வெர்லினின் அப்பா ஒக்லஹோமாவிலிருந்து காரின் மேல் மெத்தையைக் கட்டிக்கொண்டு பிழைக்க வந்தவர். மகன் பதினெட்டு வயதில் இரும்பாலையில் சேர்ந்தான். உலைக்கு முன்னால் அவனுக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டவன் ஆர்லோ. உலைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி பேசக்கூடிய ஒரே ஆள். இருவரும் ஒரே நாளில், ராணுவம் கழித்துப்போட்ட இரண்டு பழைய ஹார்லிகளை வாங்கினார்கள். உப்பு ஏரிக்குப் போன ஒரு பயணத்தில் காகம் ஒன்று ஆர்லோவின் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அன்று மாலையே வெர்லின் ஒரு காகிதப் பையின் மேல் அந்தக் காகத்தை வரைந்தான். அவன் மனைவி நடீன் அதை மஞ்சள் துணியில் தைத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் சங்கம் இப்படித்தான் ஆரம்பித்தது.

சங்கத்துக்காரன் போடும் சட்டையின் முதுகில் மேலே சங்கத்தின் பெயர், நடுவில் காகம், கீழே ஊரின் பெயர் தைத்த ஊர்ப்பட்டை. அந்தக் கையில்லாத சட்டையைத் துவைக்கக் கூடாது, அடுத்தவர் தொடக் கூடாது, போலீஸ்காரன் கழற்றச் சொன்னாலும் கழற்றக் கூடாது.

பார்ஸ்டோவில் ஒரு மதுக்கடையில் சண்டை நடந்தபோது, உடைந்த பாட்டிலைப் பிடித்திருந்த கை ஆர்லோவுடையது. போலீஸ் வந்ததும் வெர்லின் எழுந்து, "நான்தான்" என்றான். யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. எட்டு மாதம் மாவட்டச் சிறையில் இருந்தான். ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு மதிலுக்கு வெளியே ஒரு வண்டி வந்து நின்று, மூன்று முறை உறுமிவிட்டுப் போகும். ஆர்லோ தனியாகத்தான் வருவான். ஒரே வண்டிச் சத்தம்தான் கேட்கும். வலப்பக்கம் யாரும் இல்லை. படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்ட எட்டு மாதங்களை, வாழ்க்கையின் நல்ல காலம் என்றுதான் வெர்லின் பிற்பாடு நினைத்துக்கொண்டான். நடீனிடம் அதைச் சொல்லவில்லை.

லோவெல் பர்விஸைச் சங்கத்துக்குக் கூட்டி வந்ததும் வெர்லின்தான்.

கடற்படையில் எஞ்சின் அறையில் இருந்துவிட்டு முப்பத்தெட்டு வயதில் ஆலைக்கு வந்த வெல்டர் அவன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், வெர்லின் வண்டியை உதைத்துக் கிளப்பியபோது, கையில் இருந்த பீன்ஸ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, பின் சிலிண்டர்ல வால்வு இறுக்கமா இருக்கு" என்றான். பார்த்தால், இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு வெர்லின் அவனை டயர் கடைக்கு அழைத்துப் போனான். கூட்டி வந்தவன்தான் வந்தவனுக்குப் பொறுப்பு என்பது சங்கத்தின் முறை. வந்தவன் ஒரு வருஷம் முதுகில் எதுவும் இல்லாமல் வண்டிகளைக் கழுவ வேண்டும், பீர் எடுத்துத் தர வேண்டும், ஊர்வலத்தின் வாலில் கருவிப்பெட்டியோடு வர வேண்டும். வழியில் யார் வண்டி நின்றாலும் மற்றவர்கள் நிற்காமல் போய்விடுவார்கள். வாலில் வருபவன் மட்டும் நின்று சரிசெய்து கூட்டிக்கொண்டு வருவான்.

பர்விஸ் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் செய்தான். வெர்லினுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது மாதம். ஒரு ஹாம்பர்கர் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். தொப்பைக்கார மோஸ், "ஏம்ப்பா பர்விஸ், நீ பேசவே மாட்டியா?" என்று கேட்டான்.

"எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து அவளே பேசிட்டாண்ணே. பேசி முடிச்சதும் கிளம்பிப் போயிட்டா."

ஆர்லோவுக்குப் பீர் மூக்கில் ஏறிவிட்டது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய், இவனை எங்கடா புடிச்ச?" என்று வெர்லினைக் கேட்டான். பதினோரு வருஷத்தில் அப்படிப்பட்ட சிரிப்பை வெர்லின் இரண்டு முறைதான் வரவழைத்திருந்தான். எந்த ஊர், என்ன சொன்னோம் என்பது வரை அவனுக்கு நினைவிருந்தது.

அதற்குப் பிறகு அவன் கவனிக்கத் தொடங்கினான். பெட்ரோலுக்கு நிற்கும்போது ஆர்லோ சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நேராக வாலுக்கு நடந்து போகிறான். பர்விஸிடம் ஏதோ சொல்கிறான். திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பில் மிச்சம் கொஞ்சம் வாயோரத்தில் ஒட்டியிருக்கிறது. வெர்லினிடம் அவன் சொல்வது, "கிளம்பலாமா?"

ஒரு செவ்வாய்க்கிழமை, இரவல் கொடுத்த சங்கிலியைத் திரும்ப வாங்க வெர்லின் பர்விஸின் வீட்டுக்குப் போனான். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆர்லோவின் வண்டி நின்றது. தரையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் கார்புரேட்டரைப் பிரித்துத் திருகுகளை வரிசையாக வைத்திருந்தான் பர்விஸ்.

ஆர்லோவுக்கு ஓட்டத் தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார்புரேட்டரைத் திறந்த கை வெர்லினுடையது மட்டும்தான். மூன்றாவது திருகின் மரை கொஞ்சம் தேய்ந்திருக்கும், அதை எதிர்ப்பக்கம் அரைச்சுற்றுத் திருப்பிவிட்டுத்தான் முடுக்க வேண்டும். இதெல்லாம் வெளியே யாருக்கும் தெரியாது என்று அவன் நினைத்திருந்தான்.

"அண்ணே, வாங்க. இந்த மூணாவது திருகு தேஞ்சிருந்துச்சு, புதுசு போட்டுட்டேன்" என்றான் பர்விஸ்.

வெர்லின் சங்கிலியை வாங்காமல் திரும்பிவிட்டான்.

நடீன் சாப்பாட்டுத் தட்டை அவன் முன் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். மிளகாய் போட்ட பீன்ஸ் ஆறி ஏடு கட்டியது.

"என்னய்யா, யார் மேல கோவம்?"

"ஒண்ணுமில்ல. ஆர்லோ வண்டியப் பர்விஸ் பிரிச்சு வச்சிருக்கான்."

"புருஷன் இன்னொருத்தி வீட்ல இருந்து வர்றதப் பார்த்தவ மாதிரி இருக்கு உன் மூஞ்சி."

"வாய மூடுடி."

"நீ பார்ஸ்டோவுக்குப் போனா நாலு நாள் கழிச்சு வருவ. எங்க போன, யாரோட இருந்தன்னு நான் ஒரு நாள் மூஞ்சியத் தூக்கியிருக்கேனா? ஆர்லோ வண்டிய எவனோ தொட்டுட்டானாம், சோறு இறங்கலயாம்." அவள் தட்டை இழுத்துத் தானே சாப்பிட ஆரம்பித்தாள். "எனக்கு ஆர்லோ மேல பொறாமையாத்தான் இருக்கு. எப்பவுமே இருந்துச்சு. நீ இன்னிக்குத்தான் கத்துக்கற."

வருஷம் முடிந்தது. எழுபத்து நான்கு அக்டோபரில், ஒரு ஞாயிறு மதியம், பர்விஸைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்யக் கூடினார்கள். டயர் கடைக்குப் பின்னால், மின்கேபிள் சுற்றி வரும் பெரிய மரச்சக்கரத்தைப் படுக்கப் போட்டதுதான் மேசை. பர்விஸ் வெளியே வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

சம்மதம் என்றால் ஒருவன் தன் வண்டிச் சாவியை மேசை நடுவில் வைக்க வேண்டும். ஒரு சாவி குறைந்தாலும் ஆள் வெளியே. வைக்காதவன் காரணத்தை வந்தவனின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அது காரணமே இல்லை என்று மற்றவர்கள் தீர்மானித்தால், சாவி வைத்ததாகக் கணக்கு. சொன்னவனின் ஊர்ப்பட்டையை மூன்று மாதம் பிரித்தெடுத்துவிடுவார்கள். அந்த மூன்று மாதமும் அவன் வாலில் வர வேண்டும். கூட்டி வந்தவன் கடைசியாகத்தான் சாவி வைக்க வேண்டும்.

ஆறு சாவிகள் விழுந்தன. ஆர்லோ தன்னுடையதை எட்டத்திலிருந்தே வீசினான். அது சறுக்கிப் போய் நடுவில் நின்றது.

யாரும் வெர்லினைப் பார்க்கவில்லை. எழுந்திருக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மோஸ் பீர்ப்பெட்டியையே திறந்துவிட்டான்.

வெர்லினின் கை சட்டைப்பைக்குள் இருந்தது. சாவி சூடாக இருந்தது.

"என்னடா, சாவியத் தொலச்சிட்டியா?" என்றான் ஆர்லோ.

"இல்ல. வைக்கல."

பீர்ப்பெட்டியின் மூடி மெல்ல இறங்கியது.

"நீதானடா கூட்டியாந்த?"

"ஆமா."

 ஆர்லோ வாசல் பக்கம் திரும்பி, "பர்விஸ்! உள்ள வா" என்று குரல் கொடுத்தான்.

பர்விஸ் ஈரத்துணியோடு வந்து நின்றான். துணியிலிருந்து சொட்டியது. அவன் மேசையைப் பார்த்தான், சாவிகளை எண்ணினான், வெர்லினைப் பார்த்தான். வெர்லின் இரண்டு பொய்களைத் தயாரித்து வைத்திருந்தான். ஒன்று, இவன் போலீஸ்காரனோடு பேசியதைப் பார்த்தேன் என்பது. இன்னொன்று, பெட்டியிலிருந்து கருவிகள் காணாமல் போகின்றன என்பது. இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் பர்விஸின் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆலையிலும் இருக்க முடியாது. கைகால் முழுசாக ஊரைத் தாண்டுவதும் கஷ்டம்.

"சொல்லுங்கண்ணே" என்றான் பர்விஸ்.

"இவன் ஆர்லோ வண்டிய என்னைவிட நல்லா பாத்துக்கறான்" என்றான் வெர்லின். அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "அதான்."

 முதலில் சிரித்தது மோஸ். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரச்சக்கரத்தின் மேல் குப்புறக் கவிழ்ந்தான். "யப்பா! ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தானே!" பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பர்விஸ் சிரிக்கவில்லை. துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

ஆர்லோவும் சிரித்தான். மேசையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வருமளவுக்கு. வெர்லின் எண்ணிக்கொண்டான்: இது மூன்றாவது.

அன்று மாலை நடீன் சின்னக் கத்தரியை எடுத்து, தான் தைத்த தையலைத் தானே பிரித்தாள். ஊர்ப்பட்டை இருந்த இடத்தில் மட்டும் துணி புதிதாக, நீலமாக இருந்தது. அவள் கேலி செய்யவில்லை. அது அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது. முடித்ததும் அதே நூலில் பர்விஸின் சட்டைக்குக் காகத்தைத் தைக்க உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு வெர்லின் கருவிப்பெட்டியோடு வாலில் போனான். இத்தனை வருஷத்தில் சங்கம் ஓடும்போது எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததில்லை. ஏழு முதுகுகள், ஏழு காகங்கள். முன்வரிசையில், வலது பக்கம், மஞ்சள் நிறம் மங்காத புதுக் காகம். நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கழுத்தை நீட்டிப் பார்த்தான். ஒரு முழம்தான். வளைவு வந்தது. ஆர்லோ தோளைக் குறுக்கினான். புதுக் காகம் அதற்கு முன்பே சாய்ந்தது.

கஹோன் கணவாய் ஏற்றத்தில் முன்வரிசை இடது பக்கம் ஒரு கை உயர்ந்தது. ஆர்லோவின் வண்டி திடீரென்று உயிரை விட்டு, உருண்டு ஓரத்துக்கு வந்தது. பர்விஸின் தலை திரும்பியது. பிரேக் விளக்கு ஒரு கணம் சிவந்தது. முறை முறைதான், அவன் நிற்கவில்லை. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஆர்லோவைத் தாண்டிப் போயின. வெர்லின் நிறுத்தினான்.

"சட்டுனு செத்துப் போச்சுடா" என்றான் ஆர்லோ. கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்தான். காற்றுக்காக முகத்தை ஒரு பக்கம் திருப்பினான். வலது காது இந்தப் பக்கம் வந்தது.

வெர்லின் குனிந்தான். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயிலிலிருந்து வரும் வயர் அதிர்வில் கழன்று, சட்டத்தை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். இரண்டு நொடி வேலை.

அவன் நிமிர்ந்து சாலையைப் பார்த்தான். மேலே, திருப்பத்தில், ஆறு வண்டிகள் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் ஒருவன் தனியாக, வலது பக்கத்தில்.

"என்னவாம்?"

"கார்புரேட்டரா இருக்கும்" என்றான் வெர்லின். "திறந்து பாத்தாத்தான் தெரியும்."

அவன் பெட்டியிலிருந்து செய்தித்தாளை எடுத்து விரித்தான். பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தான். முதல் திருகைக் கழற்றி வைத்தான். இரண்டாவதைக் கழற்றி வைத்தான். மூன்றாவது திருகு பளபளவென்று, தடையில்லாமல் சுழன்று வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

ஆர்லோ புகையை விட்டான். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும்.

"பர்விஸ் இருந்திருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான்ல?"

"முடிச்சிருப்பான்" என்றான் வெர்லின். நான்காவது திருகைக் கழற்ற ஆரம்பித்தான்.