பேரும் பிறந்த தேதியும்

முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் தட்டில் ஆவி பறக்க இருக்கின்றன. மார்லிஸ் அந்தத் தட்டை ஆர்விட் கிழவரின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேஜையில் வைப்பதாக இல்லை.

“உங்க முழுப் பேரு சொல்லுங்க. பொறந்த தேதியும்.”

“ஏம்மா, இத்தனை வருஷமா எனக்குக் காபி ஊத்துறே. என் பேரு தெரியாதா உனக்கு?”

“தெரியும். அதுதான் பிரச்சினையே. சீக்கிரம் சொல்லுங்க, முட்டை ஆறுது.”

ஆர்விட் முனகிக்கொண்டே சொல்கிறார். மார்லிஸ் அவர் மணிக்கட்டைத் திருப்பி, அங்கே இல்லாத ஒரு பட்டையை உற்றுப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் தட்டு கீழே இறங்குகிறது.

மினசோட்டாவின் வடகோடியில் எங்கள் ஊர் நெடுஞ்சாலை ஓட்டலில் கொஞ்ச நாளாக இந்தக் கூத்துதான். சர்ச்சில் பாட்டுக் குழு நடத்தும் வெர்னா தன் வயதைப் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. முதல் நாள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டாள். மறுநாள் பசி ஜெயித்தது. மார்லிஸைக் குனியச் சொல்லிக் காதில் ஓதினாள். “வருஷம் மட்டும் சரியாக் கேக்கலை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றாள் மார்லிஸ். ஓட்டலே முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தது. முதலாளி டூயன்தான் அடுப்பங்கரையிலிருந்து கத்துவார்: “நீ வேலை பாக்குறது ஓட்டல்லயா, ஆஸ்பத்திரியிலயா?”

இரண்டிலும் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. வயது ஐம்பத்திரண்டு. சமுதாயக் கல்லூரியின் நர்சிங் வகுப்பில் என்னோடு படிக்கிறாள். பத்தொன்பது வயதிலேயே தொடங்கிய படிப்பு. இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததால் நின்றுபோனது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, பழைய உடற்கூறியல் மதிப்பெண்ணோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள். அது காலாவதியாகிவிட்டது என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த பெண்.

“ஏன், இந்த முப்பது வருஷத்துல மனுஷனுக்குப் புதுசா எலும்பு ஏதாவது முளைச்சிருக்கா?”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மார்லிஸ் எல்லா எலும்பையும் முதலிலிருந்து படித்தாள். ஒரு கையில் காபிக் குடுவை, மறு கையில் பாடப்புத்தகம். முதியோர் இல்லத்தில் உதவியாளர் சான்றிதழ் வாங்கினாள். நுழைவுத் தேர்வு எழுதினாள். கடைசியில், சின்ன வயதில் அம்மை போட்டதா என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். “எங்கம்மா இருக்கா, கூட்டிட்டு வரேன், எங்கெல்லாம் சொறிஞ்சேன்னு சொல்லுவா” என்றாள். அம்மா வேண்டாம், ரத்தம் போதும் என்று ஊசியை எடுத்தார்கள்.

நுழைவது ஒரு பாடு என்றால் உள்ளே நிலைப்பது பெரும்பாடு. ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு எழுபத்தெட்டு வாங்க வேண்டும். எழுபத்தேழு புள்ளி ஒன்பது என்றாலும் தோல்விதான். கொசுறு போடும் பழக்கம் எங்கள் கல்லூரிக்குக் கிடையாது. அதையெல்லாம் மூச்சைப் பிடித்துத் தாண்டியவள் மாத்திரை கொடுக்கும் செய்முறைத் தேர்வில் வந்து மாட்டிக்கொண்டாள். ஒரு மாணவி நோயாளியாகப் படுத்துக்கொள்வாள். அவள் கையில் கற்பனைப் பேரும் பிறந்த தேதியும் எழுதிய பட்டை இருக்கும்; கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும். மாத்திரை என்பது புதினா மிட்டாய். கொடுப்பதற்கு முன் பேரும் பிறந்த தேதியும் கேட்டு, பட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்; ஒத்துவராவிட்டால் கொடுக்கக் கூடாது. அதை விட்டால் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

முதல் முறை, “என்ன கண்ணு, பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” என்று கேட்டுக்கொண்டே மிட்டாயை வாயில் போட்டுவிட்டாள். இரண்டாம் முறை பேரைக் கேட்டாள், தேதியைக் கேட்கவில்லை. “அவ பொறந்த நாளுக்கு கேக் செஞ்சதே நான்தானே! எங்க ஊர்ல தெரிஞ்சவங்ககிட்ட பேரு கேட்டா சண்டைக்கு வந்திருக்கோம்னு அர்த்தம், மேடம்.”

ஆசிரியை நைலண்ட் பேனாவை மூடினார். “தெரிஞ்ச முகம்னு நம்பும்போதுதாம்மா மாத்திரை மாறுது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுலயும் விட்டா வகுப்புல இடம் கிடையாது.”

திரும்பி வர வேண்டுமானால் முதலிலிருந்து வர வேண்டும். அதற்குள் எலும்புகள் மறுபடியும் காலாவதியாகிவிடும். மறுநாள் காலையிலிருந்துதான் ஓட்டலில் விசாரணை ஆரம்பமானது.

மூன்றாவது தேர்வுக்குப் படுக்கையில் போட்டது என்னை. இரண்டு வருடமாக ஒரே காரில் போய் வருகிறோம். என் மாமியார் சண்டை முழுக்க அவளுக்கு அத்துப்படி. பட்டையில் அக்னெஸ் டோல்வா என்று எழுதியிருந்தது. கண் ஜாடை காட்டினால் இருவருக்கும் பூஜ்யம் என்று நைலண்ட் முன்பே எச்சரித்திருந்தார்.

மார்லிஸ் வந்தாள். கை கழுவினாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வாயைத் திறந்தாள். போச்சு, மாமியாரைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். மிட்டாய்க் கோப்பை என் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“உங்க முழுப் பேரு சொல்லுங்கம்மா. பொறந்த தேதியும்.”

கேட்டுவிட்டாள்! வந்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “ட்ரூடி ஹேகன்” என்று என் சொந்தப் பேரையும், நான் பிறந்த தேதியையும் கணீரென்று சொல்லிவிட்டேன்.

மார்லிஸ் என் மணிக்கட்டைத் திருப்பிப் படித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதறிப்போய், “மார்லிஸ், நான்தாண்டி! குடுத்துடு!” என்றேன்.

“மன்னிக்கணும்மா. பட்டையில வேற பேரு இருக்கு.”

கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தபடி, ஓரடி பின்னால் நகர்ந்தாள்.