ஊரு இல்லே

பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்களைப் போன்றவன் லீவு போட்டால் அடுத்த கேள்வி "ஊருக்கா?" என்பதுதான். டீக்கடையில் கேட்பார்கள், டிராவல்ஸ் ஆபீசில் கேட்பார்கள். நானும் தலையாட்டுவேன். கிடைக்கிற நாலு நாளும் ஓசூர் ரோட்டைப் பிடித்து, போளூர்ப் பக்கம் எங்கள் எல்லையம்மனுக்கு ஆடிப் பொங்கல் வைப்பதிலேயே கழிந்துவிடும். போனதைவிடக் களைத்துத்தான் திரும்புவோம். பிழைக்க வந்த இடத்தில் லீவு என்றாலே ஊர்தான் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்த ஆடியில் முதல் தடவையாக "ஊருக்கு இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வாய் வரவில்லை.

எல்லாம் என் மனைவி செல்வியால் வந்தது. கார்மெண்ட்ஸில் மிஷின் மிதித்து மிதித்து அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. "கால் சொன்ன பேச்சு கேட்கிறப்பவே ஒரு தடவை கடல்ல நிக்கணுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. டிராவல்ஸ் டிரைவராக எத்தனையோ குடும்பங்களைப் பந்திப்பூர் காட்டுக்கும் மல்பே கடற்கரைக்கும் கூட்டிப் போயிருக்கிறேன். அவர்கள் யானையைப் பார்க்கும்போது நான் பின்னால் வருகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் அலையில் நிற்கும்போது சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன். மணலை மட்டும் நன்றாகத் தெரியும், கால்மிதியிலிருந்து தட்டுகிறவன் நான்தானே.

மகள் கவிதா போனை நீட்டி, "செல்ஃப் டிரைவ் எடுக்கலாம்ப்பா" என்றாள். எங்களுக்கெல்லாம் செல்ஃப் என்றால் வண்டியைக் கிளப்புகிற செல்ஃப்தான். "ஏன், செல்ஃப் எடுக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "டிரைவர் இல்லாம நாமளே ஓட்டறதுப்பா. நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி அம்மா பக்கத்துல உக்காருங்க."

"பின்னாடி உக்காந்தும் பிரேக் மிதிப்பாருடி உங்கப்பா" என்றாள் செல்வி.

மைசூர், பந்திப்பூர், மடிக்கேரி, மங்களூர், உடுப்பி என்று போனில் நீலக்கோடு மேற்கே ஓடியது. ராத்திரியில் காட்டு ரோட்டை மூடிவிடுவார்கள், பொழுதோடு ரூமுக்குப் போயிடணும் என்று நானும் யோசனை சொன்னேன். ஆனால் அந்தக் கோட்டோடு என் லீவு தீர்ந்துவிடுகிறது. "பொங்கல் வைக்காம போனா அம்மா சும்மா இருப்பாளா?" என்றேன்.

"நாம பொழைக்க வந்தப்ப நம்ம பின்னாடியே வந்தவதானே? எல்லையம்மாவுக்கு எல்லை தாண்டத் தெரியாதா?" என்றாள் செல்வி. சரி, தையில் வந்து பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டி, மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாய் முடிந்துவைப்பது என்று தேற்றிக்கொண்டேன்.

இந்த வீட்டுக்கு வந்த கதை ஒன்று உண்டு. அப்போது எனக்குக் கன்னடம் ஒரு சொல் தெரியாது. வாடகைக்கு வீடு உண்டா என்று சைகையில் கேட்டேன். வீட்டுக்கார ரத்னம்மா மாடியைக் காட்டி, "மனெ இல்லே" என்றார். வீடு இல்லையாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டேன். பின்னாலேயே ஓடிவந்து, சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்துவந்தார். கன்னடத்தில் 'இல்லே' என்றால் 'இங்கேயே' என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே மாடியில்தான் கவிதா பிறந்தாள்.

இன்று காலை விளக்கேற்றிவிட்டு, வாசலில் உட்கார்ந்து ரூபாயை வைத்து மஞ்சள் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். ரத்னம்மா மாடியேறி வந்து, "ஊரிகா?" என்றார்.

"இல்லம்மா. சமுத்ர நோடோக்கே" என்று கடல் பார்க்கப் போவதைச் சொன்னேன்.

அவர் சிரித்து, "சரி பிடி, நிம்மூரு இல்லே அல்வா!" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனார்.

இத்தனை வருஷக் கன்னடம் எங்கே போனதோ, காது அதைத் தமிழிலேயே, 'சரி விடு, உங்க ஊரு இல்லை அல்லவா' என்று கேட்டது. அப்புறம்தான் அது கன்னட 'இல்லே' என்று விளங்கியது.

"என்ன சொல்றாங்க?" என்று உள்ளேயிருந்து செல்வி கேட்டாள்.

"நம்ம ஊரு இல்லேங்கறாங்க."

"எந்த பாஷையில?"

துணியின் இரண்டு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாக இழுத்தேன். முடிச்சு இறுகியது.