கடைசி ஸ்லாட்

கணினிப் பெட்டிக்குள் விசிறிகள் சுழலத் தொடங்கியதும் எங்கள் சோதனைக்கூடம் முழுக்க அடைமழைச் சத்தம் நிறைந்துவிடும். சன்னலுக்கு வெளியே ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் மூடுபனிக்குள் பாதி மிதந்துகொண்டிருக்கும். உள்ளே, திரையில் எழுத்துகள் வரிவரியாக மேலேறி மறையும். அந்த இரைச்சலுக்கு நடுவே, கூட வேலை செய்த அக்கா தலையை லேசாகச் சாய்த்து நின்றிருப்பார். தெலுக் இந்தான் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் நிரல் எழுதுவேன், அவர் சோதித்துப் பார்ப்பார். இப்போது நினைத்தால் அந்தக் காலைகள் எல்லாம் அரைத்தூக்கத்தில் நடந்தவை போல இருக்கின்றன.

பெட்டியின் ஸ்லாட்டுகளில் வரிசையாகச் செருகிய மின்சுற்றுப் பலகைகள் கேபிள் இல்லாமல், பின்பலகையில் ஓடும் செம்புக் கோடுகள் வழியாகப் பேசிக்கொள்ளும். மின்சாரம் வந்ததும், கணினி முழுதாக எழுவதற்கு முன்பே, அந்தப் பேச்சை ஏற்பாடு செய்வது என் நிரலின் வேலை. முறைப்படி இரு முனைகளும் முதலில் ஒன்றையொன்று கேட்டு, "கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை" என்று சொல்லி சிக்னலின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ட்ரெய்னிங் என்று அதற்குப் பெயர். எனக்கு அது சரியாக வரவில்லை. வாடிக்கையாளருக்குப் பெட்டியை அனுப்ப வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. ட்ரெய்னிங்கை அணைத்துவிட்டு, முதல் ஸ்லாட்டில் நன்றாக ஓடிய அளவுகளையே எல்லா ஸ்லாட்டுக்கும் எழுதிவைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

"அக்கா, கடைசி ஸ்லாட்டையும் பாத்துட்டீங்களா?" என்று அவருக்கு இடப்பக்கம் நின்று கேட்டேன்.

"ஆமாலா," என்று எங்கள் மலேசிய 'லா' போட்டுச் சிரித்தார். பெட்டியை அனுப்பிவிட்டோம்.

வாடிக்கையாளரிடம் கடைசி ஸ்லாட் மட்டும் ஊமையாகவே இருந்தது. அந்த ஸ்லாட்டுக்குப் போகும் செம்புக் கோடு நீளம். என் அளவுகள் அதற்குப் போதவில்லை. யார் சோதித்தது என்று கூட்டத்தில் மேலாளர் கேட்டார். "அக்கா பாத்துட்டேன்னு சொன்னாங்க," என்றேன். பொய்யில்லைதான். ஆனால் ட்ரெய்னிங்கை அணைத்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "நான்தான் பாக்கல," என்றார். அந்த மாதக் கடைசியோடு அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மேசையைக் காலிசெய்யும்போதுதான் சொன்னார்: "எனக்கு இடது காது கேக்காது தம்பி. முந்தி வேல செஞ்ச எடத்துல மிசின் சத்தத்துல போச்சு. சொன்னா வேல குடுக்க மாட்டாங்கன்னு பயந்து சொல்லல. கேக்காதப்ப ஆமான்னு சொல்லியே பழகிட்டேன்." அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருடைய சாமான்களைக் கார்வரை தூக்கிக்கொண்டு போய் வைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது ட்ரெய்னிங் ஒழுங்காக ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் திரையில் 'ட்ரெய்னிங் முடிந்தது' என்ற வரி வரும்போது எனக்கு வெட்கமாக இருக்கும்.

போன வாரம் காம்பார் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால், குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தது அக்கா. நல்ல மதியக் கூட்டம். "என்ன தம்பி, தாப்பாவா?" என்று பொட்டலம் கட்டத் தாளை எடுத்தார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, தொண்டைக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தேன்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு வலது காதை என் பக்கம் திருப்பினார். "கேக்கலலா. சத்தமா சொல்லு."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, "தப்பு என்னோடதுதான்க்கா, உங்களோடது இல்ல," என்று கத்தினேன்.