மூன்று இதயமும் ஒரே ஒரு கார்டும்

லிஃப்ட்காரரை அந்த வட்டாரத்தில் எட்டுக் கட்டடங்களுக்கும் தெரியும். லிஃப்ட் நின்று, அவர் பழுதுபார்க்க வந்தால் மட்டும் தெரியும். ஓடுகிற நாளில் அவரும் அதில் ஏறி நிற்பார்; கூட வருகிறவர்கள் மாடி எண்ணையே அண்ணாந்து பார்ப்பார்கள், கண்ணை எடுத்தால் எண் ஓடிப்போய்விடும் என்பதுபோல. வயது ஐம்பத்திரண்டு. ஒண்டிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போனில் கூப்பிட்டு "சாப்பிட்டியா?" என்பாள், பதில் வருவதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

மற்ற ஆறு நாளும் அவர் வாழ்ந்தது டிவிக்குள் இருந்த ஓர் ஊரில். பழைய கேம் பெட்டி. விதை போடலாம், மாடு மேய்க்கலாம், அக்கம்பக்கத்தாரோடு பழகலாம். ஆளுக்குப் பத்து இதயம் வரைந்திருக்கும். பழகப் பழக ஒவ்வொன்றாகச் சிவக்கும். அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரி. நாலு மாதம் தினம் ஒரு பூ கொடுத்து அவளிடம் மூன்று இதயம் சேர்த்திருந்தார். மூன்றாவது சிவந்த அன்று அவள், "என் குடை தொலைஞ்சு போச்சு, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். இன்றுவரை அவர் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

ஆசை யாரை விட்டது? மீதி ஏழு இதயத்தையும் ஒரே மூச்சில் பிடிக்க, கேமை ஏமாற்றும் 'சீட் டிவைஸ்' கருவி ஒன்று வாங்கிவந்தார். பெட்டியில் செருகி, 'கோடு' என்கிற ரகசிய எண்ணை அடித்தால் பத்து வருஷப் பழக்கம் பத்து நொடியில் கைக்கு வரும். கூட வந்த தாளில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'முதலில் உங்கள் மெமரி கார்டை இன்னொரு கார்டில் நகல் எடுத்துக்கொள்ளவும்.' ஒண்டிக்கட்டைக்கு எதற்கு ரெண்டு கார்டு என்று, ஆட்டம் பதிந்திருந்த அந்த ஒரே கார்டிலேயே கோடு அடித்து, சேவும் செய்துவிட்டார்.

ஊரே பல்லைக் காட்டியது. ரொட்டிக்காரி, "உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம்" என்றாள். தபால்காரரும் அதையே சொன்னார். பூ கொடுத்தாலும் சந்தோஷம், கொடுக்காவிட்டாலும் சந்தோஷம், கடை வாசலில் மாட்டைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் சந்தோஷம். பதினோரு நாள் பொறுத்துப் பார்த்தார். குடைப் பேச்சே இல்லை.

கார்டை எடுத்துக்கொண்டு, அவர் லிஃப்ட் பார்க்கும் கட்டடம் ஒன்றில் இருந்த கேம் பெட்டி பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் போட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தானேண்ணே இருக்கு. எல்லார்கிட்டயும் பத்துக்குப் பத்து. இன்னும் என்ன குறை?"

"முன்னாடி மூணு இருந்துச்சும்மா. அந்த மூணு வேணும்."

"ஏத்தித் தரச் சொல்லி வருவாங்க. இறக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான். லிஃப்ட்காரர்னா சும்மாவா. சரி, கோடு போட்டு மூணா குறைச்சுடட்டுமா?"

"அது நீ குடுத்த மூணும்மா. அவ குடுத்ததாகாதே."

அவள் சிரிக்க வாய் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"நகல் எடுத்தீங்களா?"

"இல்ல."

"அப்போ அதுமேலயே எழுதியாச்சுண்ணே. போனது போனதுதான். முதல்லேருந்து ஆடுங்க."

அவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி இன்னொரு மெமரி கார்டு கேட்டார்.

"இது யாருக்குண்ணே?"

"எனக்குத்தான்."

வீட்டுக்கு வந்து பழையதை அழித்து, முதல் நாளிலிருந்து தொடங்கினார். நேரே ரொட்டிக்கடை.

"யாருங்க நீங்க? வாங்கலைன்னா வழியை விடுங்க."

லிஃப்ட்காரர் மரியாதையாக ஒதுங்கி நின்றார். சேவ் செய்தார். அப்புறம் தாளில் சொன்னபடி, இன்னொரு கார்டில் நகலும் எடுத்தார். அவரை இன்னார் என்றே தெரியாத ஊர், இப்போது அவரிடம் இரண்டு கார்டில் பத்திரமாக இருக்கிறது.