காதுகுத்துக்குள் மாற்ற வேண்டிய வால்வு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நான்கு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம். கொஞ்சம் முந்திரி, மழை பெய்தால் கடலை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பங்காளி ஒருவர் ஊருக்கு வந்தபோது விற்ற பழைய பெட்ரோல் காரை நான் வாங்கினேன். கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடியது. பிறகு புகைய ஆரம்பித்தது. நீலம் கலந்த வெள்ளைப் புகை. ஊற்ற ஊற்ற ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது.

பொங்கல் சீர் கொடுக்க, கீரமங்கலத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அந்தக் காரில் போனேன். வாசலில் நிறுத்தியபோது எதிர்வீடு தெரியவில்லை. தங்கையின் கணவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

“பஞ்சாயத்துலேர்ந்து கொசு மருந்து அடிக்க வந்துருக்காங்க. சோத்துப் பானையெல்லாம் மூடி வைங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வைகாசியில் அவள் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தப் பிள்ளைக்கு மாமன் என்று நான் ஒருவன்தான். போனில் தங்கை இழுத்து இழுத்துப் பேசினாள்.

“அண்ணே, சீரையெல்லாம் ஏத்திக்கிட்டு வாடகை வண்டியிலயே வந்துருங்களேன். ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

சிரமம் யாருக்கு என்று எனக்குப் புரிந்தது. சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் அதே காரில், ஒரு பொட்டுப் புகையில்லாமல், அவள் வாசலில் போய் இறங்குவது என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

மெக்கானிக்கோ இன்ஜினையே இறக்க வேண்டும், வண்டி ஒரு மாதம் நிற்கட்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர்தான் வேறு வழி சொன்னார். இன்ஜினுக்குள் சேருகிற ஆவியை இழுத்து மறுபடியும் எரிய விடுவதற்கு ஒரு வால்வு உண்டாம். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது தேய்ந்துபோய்த் திறந்தபடியே நின்றுவிட்டால் ஆவியோடு ஆயிலையும் சேர்த்து உறிஞ்சும். வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று சொல்லி, போனில் ஒரு வீடியோவும் காட்டினார்.

வீடியோவில் இருந்தவர் பேசிக்கொண்டே இரண்டு விரலால் வால்வை உருவி எடுத்தார். அவர் காரில் அது மேலேயே இருந்தது. என் காரில் குழாய்களுக்கு அடியில், கை நுழையாத சந்தில் இருந்தது. புறங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் முழு பலத்தோடு இழுத்தபோது வால்வு வந்தது. அதைப் பிடித்திருந்த ரப்பர் வளையம் கடலைமிட்டாய் போல நொறுங்கியது. தூள் உள்ளே விழுந்தால் இன்ஜின் போயிற்று. முள்வாங்கியை எடுத்து வந்து, குனிந்தபடியே ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினேன். இடுப்பு கழன்றுவிட்டது.

பழைய வால்வைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் சத்தம் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் ஓரமாக நின்றேன். கூட்டம் குறைந்த பிறகு கடைக்காரரே, “என்னண்ணே வேணும்?” என்றார். பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். அவர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தமில்லை. உள்ளேயிருந்து புதியது ஒன்றை எடுத்து வந்து குலுக்கினார். கிலுகிலுவென்றது.

“கேக்குதுல்ல? இந்தச் சத்தந்தான் இதுக்கு உசுரு” என்றார்.

புது ரப்பர் வளையமும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் ஓர் இரவு சாமி படத்துக்கு முன்னால் இருந்துவிட்டுத்தான் வேலைக்கு வரும். தண்ணீர் மோட்டார் இருந்திருக்கிறது, மண்வெட்டி இருந்திருக்கிறது. வால்வையும் என் மனைவி வாங்கிக்கொண்டு போனாள். காலையில் எடுக்கும்போது சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. துண்டால் வெளியே துடைத்துவிட்டு மாட்டினேன்.

வண்டியைக் கிளப்பி, பின்னால் போய்ப் பார்த்தேன். புகை இல்லை. கண்ணாடியில் என் முகத்தை நானே பார்த்துச் சிரித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். கண்மாய்க் கரை வரை ஓட்டிப் போனேன். அங்கே பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. திறந்தால், ஆயில் அளக்கும் கம்பி தானாக மேலே எழும்பி நின்றது. அந்த வழியாக ஆயில் கக்கி, சூடான குழாயில் பட்டுப் புகைந்துகொண்டிருந்தது. அந்த நாற்றத்தின் நடுவே லேசாகச் சந்தன வாசம் வேறு. எரிச்சலாக இருந்தது.

மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்தேன். வேன்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

“பின்னாடி வந்த பொகை இப்ப முன்னாடி வருது. முன்னேற்றந்தான்” என்றார்.

மறுநாள் காதுகுத்து. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். வேன்காரர் பேச்சைக் கேட்டது தப்பு என்று நினைத்தேன். தங்கை வாடகை வண்டி என்றபோதே கேட்டிருக்கலாம் என்றும் நினைத்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

விடிந்ததும், கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று வால்வை மறுபடியும் கழற்றினேன். கடைக்காரர் செய்தது நினைவுக்கு வந்து காதருகே வைத்துக் குலுக்கினேன். சத்தமில்லை. வாய் வைத்து ஊதினேன். எந்தப் பக்கமிருந்து ஊதினாலும் காற்று போகவில்லை. ஒரு ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்தேன். மஞ்சளாகத் தூள் கொட்டியது. மோந்து பார்த்தேன். சந்தனம். இழைத்து ஈரமாக வைத்தது உள்ளே இறங்கி, ராத்திரியே சுண்ணாம்புக் காரை பூசியது போல இறுகியிருக்கிறது. ஆவி போக வழியில்லாமல்தான் கம்பியைத் தள்ளிக்கொண்டு ஆயில் வந்திருக்கிறது.

மனைவியைக் கூப்பிட்டுக் கையில் கொட்டிய தூளைக் காட்டினேன். நான் கோபத்தில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

“அதுக்கு எது நெத்தி, எது வாயின்னு நான் என்னத்தக் கண்டேன்?” என்றாள்.

டூவீலரிலிருந்து பெட்ரோல் பிடித்து வால்வை ஊறப்போட்டேன். குடைந்து, ஊதி, மறுபடியும் ஊறப்போட்டேன். மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டுகளை அடுக்கிக்கொண்டு, நேரமாகிறது நேரமாகிறது என்றாள். கடைசியில் கிலுக்கென்றது. மாட்டினேன். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. அப்படியே சீரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் பானெட்டையும் பின்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தேன். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

கீரமங்கலம் வந்தபோது பிள்ளையார் கோவிலருகே மேளக்காரர்கள் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார்கள். அப்போதுதான் உறைத்தது. மாமன் சீர் கோவிலில் தட்டெடுத்து, மேளத்தோடு தெரு முழுக்க நடந்துதான் போக வேண்டும். தெரியாத விஷயமா? வால்வையே நினைத்துக்கொண்டிருந்ததில் மறந்துபோனேன். காரை அங்கேயே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு நடந்தேன்.

வாசலில் தங்கையின் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வாங்க மச்சான். பஸ்ஸுல உக்கார எடம் கெடைச்சுச்சா?”

காரில்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மேளச் சத்தத்தில் அவர் அடுத்த ஆளைக் கும்பிடப் போய்விட்டார். என்னை மணையில் உட்கார வைத்து, பிள்ளையை மடியில் வைத்தார்கள். அது குத்துவதற்கு முன்பே அலற ஆரம்பித்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். புதுப் பட்டுப்பாவாடையின் மேல் என் கைகள் இருந்தன. நகக்கண்ணெல்லாம் கருப்பு. மறைக்க இடமில்லை. தங்கை பார்த்துவிட்டாள்.

குனிந்து மெதுவாகக் கேட்டாள். “கார்லயா வந்தீங்க?”

“ம்.”



சாப்பாடு முடிந்து கிளம்பும்போது தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு கோவில் வரை வந்தாள். மனைவி கையில் பையைக் கொடுத்தவள், காரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். புகை வருகிற குழாய்க்கு நேராக, பட்டுப்புடவையோடு நின்றுகொண்டாள்.

“இப்ப எடுங்கண்ணே” என்றாள்.

எடுத்தேன். தெரு திரும்பும் வரை கண்ணாடியில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

ஆனி மாதம் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.