கம்ப்யூட்டராக வேலை பார்த்த சுலைகா

மாம்பலம் ரயில் நிலையப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது சுலைகா பேகத்தின் தம்பி அழைத்தார். "ஆபா காலையில தவறிட்டாங்க சார்." அக்காவை அவர் ஆபா என்றுதான் கூப்பிடுவார். கோபாலபுரத்தில் இருந்த சுலைகாவின் வீட்டுக்கு நேரே போகாமல் பாண்டி பஜாரில் கால்போன போக்கில் நடந்தேன். மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுலைகாவைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தேன். எங்களுக்குள் ஒரு சண்டை முடியாமல் கிடந்தது.

எங்கள் கல்லூரியில் படித்த உங்களில் பலருக்கு அவர் தத்துவப் பேராசிரியர். அதற்கு முன் ஓர் அரசுப் புள்ளியியல் அலுவலகத்தில் இருந்தார். அங்கே அவருடைய பதவியின் பெயரே 'கம்ப்யூட்டர்'. தாளில் வரும் எண்களைக் கூட்டி, வகுத்து, சராசரி போடுகிறவர். கணினித் துறைக்காரனான நான் ஒரு வகுப்பில், கணித்தல் என்ற கருத்தே இயந்திரத்தோடு பிறந்ததுபோல் பேசினேன். கேட்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்தார். "பதினோரு வருஷம் நானே கம்ப்யூட்டர் சார். எனக்குப் பசிக்கும்." மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கணித்தலின் வரலாற்றை இருவரும் சேர்ந்து புத்தகமாக எழுதத் தொடங்கியது அதன் பிறகுதான். விதிகளைப் படிப்படியாகப் பின்பற்றுவதே கணித்தல், புரிந்துகொள்வது அதற்குத் தேவையில்லை என்பது என் வரையறை. அவருக்கு அது பொறுக்காது. அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்வார். ஒரு தாலுகாவின் தாளில், அந்த வருடம் இறந்த குழந்தைகள் என்ற பத்தி முழுக்கச் சுழியமாக இருந்தது. கூட்டினால் தப்பே வராது. அவர் கூட்டாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். யோசிப்பது உன் வேலை இல்லை என்று அதிகாரி திட்டினார். விசாரித்தபோது, விவரம் வராத ஊர்களுக்கெல்லாம் யாரோ சுழியம் போட்டு நிரப்பியிருந்தது தெரிந்தது.

"நான் நிறுத்தினேனே, அது கணிக்கிறதுல சேருமா, சேராதா? அதை முதல்ல சொல்லுங்க" என்பார்.

சேராது என்பேன்.

"அப்ப அந்தக் குழந்தைங்க?"

கடைசியாக மெய்ப்புப் பார்க்கையில் இந்தச் சம்பவத்தை அவர் எழுதியிருந்த பகுதியை, வெறும் சொந்த அனுபவம் என்று நினைத்து நீக்கினேன். அவரைக் கேட்கவில்லை. கண்டுபிடித்து அழைத்தார். குரல் உயரவில்லை. "நான் யோசிச்சது வேலையில சேராதுன்னு அந்த அதிகாரியும் இதையேதான் சொன்னார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று தள்ளிப்போட்டது நான்தான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் பகுதியைத் திரும்பச் சேர்த்தேன். அதற்கு அடுத்த பக்கத்தில் என் வரையறை இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையே, எதை வைப்பது என்று அச்சகத்தில் கேட்டார்கள். பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, நிறுத்தியது கணித்தலில் சேருமா என்ற அந்தக் கேள்வி. தினமும் பதில் எழுத உட்காருகிறேன். சேரும் என்று எழுதினால் என் வரையறை நிற்கவில்லை. சேராது என்று எழுத இப்போது கை வரவில்லை.